ஃப்ரூமா அத்தைக்காக வந்த பேகல்கள்

பிராங்க்ஸ்,
வியாழக்கிழமை.

என் செல்ல மகள் டோவாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முட்டிவலி மட்டும் வழக்கம்போல என்னோடு குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மெல்போர்னில் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் காலையில் கண் விழிக்கிறேன். அத்தையின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று போனில் அப்படி அழுதாயே, அதற்காகவே இதை எழுதுகிறேன். நம் யூத வழக்கப்படி மறுநாளே மண்ணில் வைத்தாக வேண்டும், பூமியின் அந்தக் கோடியிலிருந்து நீ பறந்தா வருவாய்? மருகாதே. நேற்றோடு ஏழு நாளும் முடிந்தது, கண்ணாடிகளை மூடியிருந்த துணிகளை எடுத்துவிட்டேன், தாடி மட்டும் முப்பதாம் நாள் வரை இருக்கும்.

துக்கத்தில் இருப்பவன் அடக்கம் முடிந்து வந்ததும் முதல் வேளை தன் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் முட்டையும், வளையமாகச் சுட்ட பேகல் ரொட்டியும்தான் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் யார் போனாலும் அந்த பேகலை வாங்கி வைப்பது முப்பது வருஷமாக என் வேலை. மேலே பளபளவென்று, கடித்தால் பல்லோடு மல்லுக்கு நிற்கிற பேகல் இப்போது எங்கே கிடைக்கிறது, கிடைத்தாலும் ஒன்றுக்கு மூன்று டாலர். அதனால்தான் ரயில் பாலத்துக்குக் கீழே எஃப்ராயினின் கடையைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து டாலருக்குப் பன்னிரண்டு, மேலே ஒன்று சும்மா. கூட்டம் சேர்ந்தால் விலை ஏறிவிடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, உன்னிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இடுகாட்டிலிருந்து திரும்பும்போது காரை ஓட்டியது மோர்ட்டி, எதிர்வீட்டுக்காரன். பாலம் வந்ததும் பழக்க தோஷத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கப் பார்த்தேன். "யோவ் ஸெலிக், இன்னிக்கு நீதான்யா துக்கக்காரன், நீ வாங்கக் கூடாது, கதவைச் சாத்து" என்று அதட்டினான். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது டோவா. உன் அம்மா போய்விட்டாள், அத்தையும் போய்விட்டாள், பழைய ஆட்களில் பாதிப்பேர் ஃப்ளோரிடாவில், மீதிப்பேர் அத்தைக்குப் பக்கத்தில். எனக்கு யார் வாங்கி வருவார்கள்? மோர்ட்டிக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும். துக்கத்துக்கென்று கிழித்த சட்டையோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்து வெறும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மூன்றாம் மாடி ஹிண்டா வந்தாள், கையில் பழுப்புக் காகிதப் பை. பின்னால் மருந்துக்கடைக்காரர், பிறகு அத்தையோடு கோட்டுக் கம்பெனியில் பொத்தான் தைத்தவர்கள், பிறகு பெயரே தெரியாத முகங்கள். எல்லார் கையிலும் அதே பை, எஃப்ராயின் கடைப் பை! துக்க வீட்டில் துக்கக்காரன் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக் கூடாதே, அதனால் முப்பது பேர் பையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பையை ஒருவர் பார்த்து முழித்தபடி, மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். கடைசியில் என்ன கேட்டேன் தெரியுமா? "மேலே தூவினது எள்ளா, கசகசாவா?"

அவ்வளவுதான், வீடே சிரிப்பில் வெடித்தது. "இந்தக் கடையை எனக்கு மட்டும்தான் சொல்றேன்னு சத்தியம் பண்ணீங்களே!" என்றாள் ஹிண்டா. "மருந்து வாங்க வந்தப்ப என் காதுல சொன்னாரே மனுஷன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "இந்த ஆளு வாய்க்குப் பூட்டே கிடையாது" என்று மோர்ட்டி. சிரிப்பு அடங்குவதற்குள் எஃப்ராயினே வந்து நின்றான், முழங்கைவரை மாவு. "ஒரே சாவுக்கு இத்தனை பை நான் வித்ததே இல்லங்க, அந்தம்மா அவ்வளவு பெரிய ஆளா?" என்று கேட்டுவிட்டு, சூடு ஆறாத ஒன்றை என் கையில் வைத்தான். அதைப் பிடித்தபடி ஓவென்று அழுதுவிட்டேன், இடுகாட்டில்கூட வராத அழுகை. இத்தனை பேரா எனக்கு என்று அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

மீந்ததையெல்லாம் குறுக்கே வெட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், வெட்டாமல் வைத்தால் அப்புறம் கோடாலிதான் வேண்டும். அத்தைக்கு மாதாமாதம் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை போதும். அங்கே யாரையும் தெரியாது அப்பா, நல்ல பேகல்கூட இல்லை என்கிறாயே, தேடு அம்மா. நல்லதாக, விலை சரியாக ஒரு கடை கிடைக்காமலா போகும். கிடைத்ததும் ஒவ்வொருவர் காதிலும் சொல்லி வை, உனக்கு மட்டும் என்றே சொல்லு.

ஆண்டவன் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் வாய்க்குப் பூட்டில்லாத அப்பா,
ஸெலிக்