308தான், அப்பா

அன்புள்ள அப்பா,

மொன்டானா மாநில மக்கள் அனைவருக்கும் முக்கிய அறிவிப்பு: மான் வேட்டைக்கு நான் தோட்டா ரகம் தேர்ந்தெடுத்துவிட்டேன். 308.

வெண்டல் மாமா சிரிக்கிறார். "டேய், 308 சின்னப் பசங்க சாமான்டா. உங்கப்பன் விட்டுட்டுப் போன பெரிய துப்பாக்கி, அந்த மேக்னத்த எடு!"

"மாமா, நான் மானைத்தான் சுடப்போறேன். அதோட வீட்டையும் சேத்து இடிக்கப்போறதில்ல."

அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் வீட்டைவிட்டுப் போனபிறகு முதல் தடவை.

நான் மாற மாட்டேன். மானுக்கு 308 போதும், எல்க் என்கிற பெரிய மான் வந்தாலும் போதும். கறி கூழாகாது. தோட்டா பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கும். உங்கள் மேக்னத்தைத் தொடவே மாட்டேன். பயமில்லை, கொள்கை.

சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. என் வயதுப் பையனோடு பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்பது சட்டம். மாமா வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் வாருங்கள்.

சரி, ஒரு உண்மை. போன வாரம் மேக்னத்தால் திருட்டுத்தனமாக ஒரே ஒரு தடவை சுட்டேன். கண்ணைத் துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கியில் ஒட்டிவைத்திருந்தேன். துப்பாக்கி உதைத்ததில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. பிறை மாதிரி காயம். உங்கள் புருவத்திலும் அதே இடத்தில் அதே பிறை. கரடி கீறியது என்பீர்களே, அதே கரடிதான் என்று அம்மாவிடம் நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்