யாழினி பிறந்த வருடத்துப் பிரபலங்கள்

என் செல்ல அப்பாவுக்கு,

மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு நடுவட்டத்தில் இன்று வெயில். லைன் வீடுகள் முழுக்கத் துணி காய்கிறது. உங்கள் பேத்தி யாழினி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள் என்பதுதான் முதல் சேதி. நீங்கள் எங்களை விட்டுப் போகும்போது அவளுக்கு இரண்டு வயது. இப்போது நான்கு கேள்வி கேட்காமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். 'நான் பிறந்த ஆண்டு' என்று டீச்சர் மேலே எழுதிக் கொடுத்திருந்தார். இடப்பக்கம் அந்த ஆண்டில் உலகத்தில் நடந்தவை. வலப்பக்கம் அந்த ஆண்டில் பிறந்த பிரபலங்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாப் பிள்ளைகளின் சார்ட்டையும் சுவரில் ஒட்டுவார்களாம்.

இந்த விஷயத்தில் நம் வீட்டில் நீங்கள்தானே பெரிய ஆள்? இந்தியா முதன்முதலாக கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயித்த வருடம் பிறந்தவள் என் மகள் என்று டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் யாரிடம் நீங்கள் சொல்லவில்லை? இலங்கையில் நீங்கள் வேலை செய்த தோட்டத்தில் ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டதும், பதினைந்து நாள் கழித்து நான் பிறந்ததும் எனக்கு மனப்பாடம். மட்டை பிடிக்கவே தெரியாத நான் அந்தக் கோப்பையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிற மாதிரிதான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது என்று எனக்குப் பதினெட்டு வயதானபோது அம்மாதான் சொன்னாள். நான் பிறந்து மூன்று வாரம் ஆவதற்குள் அங்கே கலவரம். நாம் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். நீங்களும் அம்மாவும் என்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தீர்கள். அதற்குப் பிறகுதான் கப்பல், ராமேஸ்வரம், இந்த மலை. ஏன் மறைத்தீர்கள் என்று அன்று உங்களோடு சண்டை போட்டேன். ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ரெண்டும் அந்த வருஷம் நடந்ததுதான் புள்ள. ஒன்னத்தான் ஒன் கையில குடுக்க மனசு வந்துச்சு."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சார்ட் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு போனில் 2020 என்று தட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. படம் படமாக வந்தது. மூடிய கடைகள், ஆஸ்பத்திரி வராந்தாக்கள், முகமூடிகள். யாழினி என் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வருடத்தில் ஏன் எல்லாரும் மூஞ்சியை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்டாள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். நீங்கள் செய்ததைத்தான் முதலில் நானும் செய்தேன் அப்பா. ஆப்பிரிக்காவில் போலியோ ஒழிந்தது என்று எழுதினேன். செவ்வாய் கிரகத்துக்கு விண்கலம் கிளம்பியது என்று எழுதினேன். அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை. "மூஞ்சி ஏம்மா?" என்று மறுபடியும் நின்றாள்.

சொல்லிவிட்டேன். உலகம் முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது, ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குப் போகாமல் இருக்க மூடிக்கொண்டார்கள், நிறையப் பேர் இறந்தும் போனார்கள் என்று. பிறகு அவள் பிறந்த கதையைச் சொன்னேன். அதை ஒரு நாளும் முழுதாக அவளுக்குச் சொன்னதில்லை.

அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாட்டிக்கொண்டதையும், பஸ் ஓடாததையும், ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு கூடலூர் போயிருந்ததையும் சொன்னேன். எனக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. வலி எடுத்ததும் நீங்கள் அந்த வலிக்கிற முழங்காலோடு செக்போஸ்ட் வரைக்கும் ஓடினீர்கள். காய்கறி இறக்கிவிட்டு ஊட்டிக்குத் திரும்பிய லாரி ஒன்றை நிறுத்தினீர்கள். கோயமுத்தூர்க்கார டிரைவர் என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

"ஏறுங்க பெரியவரே. கேரட் மூட்டையையே அலுங்காமக் கொண்டு போறேன், அக்காவக் கொண்டு போக மாட்டனுங்களா?"

பைக்காரா தாண்டும்போது ரோட்டில் காட்டெருமைக் கூட்டம் படுத்திருந்தது நினைவிருக்கிறதா? ஹாரன் அடிக்க வேண்டாம் என்று நீங்கள் இறங்கிப் போய், மேலதிகாரியிடம் பேசுவதுபோல அவற்றிடம் வழி கேட்டீர்கள். அந்த வலியிலும் நான் சிரித்தேன். ஊட்டி போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் இவள் பிறந்தாள்.

இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "தாத்தா என்னைத் தூக்குனப்பவும் மூடியிருந்தாங்களா?" என்றாள்.

"ஆமா. நீ அதப் புடிச்சு இழுத்துட்ட. அப்பத்தான் அவரு மூஞ்சிய மொதமொதல்ல பாத்த."

உடனே அதை எழுதச் சொன்னாள். போலியோவுக்கும் செவ்வாய் கிரகத்துக்கும் நடுவில், உலக நிகழ்வாக, நீங்கள் இருக்கிறீர்கள் அப்பா. முதல் வரியில் காய்ச்சலையும் எழுதினோம்.

வலப்பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். அந்த வருடம் பிறந்த பிரபலம் யார்? யாரும் இல்லை. நடிகராகவோ ஆட்டக்காரராகவோ வரப்போகிறவர்கள் எல்லாரும் இப்போது எங்கேயோ ஒன்றாம் வகுப்பில் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்கள். அப்படித்தான் சொன்னேன். அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு, "எங்க கிளாஸ்ல இருக்காங்களே" என்று தானே எழுத ஆரம்பித்தாள்.

விஷ்ணு, விரல் வைக்காமல் விசில் அடிப்பான். அப்துல், வகுப்பில் முதலில் பல் விழுந்தவன். ஹரிணி, கரடியைப் பார்த்தும் அழாதவள். இப்படிப் பதினான்கு பேர். பாதிக்கு மேல் எழுத்துப் பிழை. நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். எல்லாச் சார்ட்டையும் தாண்டி இதன் முன்னால்தான் கூட்டம். விஷ்ணுவின் அப்பா அவனை அங்கேயே விசிலடிக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். டீச்சர் தடுக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் பூனத்தின் அம்மா சுனிதா நின்றிருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து நம் எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மெதுவாக என்னிடம் வந்து, "அக்கா, பூனம் பேரு இருக்கு?" என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து ஒன்பதாவது வரியில் வைத்தேன். பூனம், மூன்று பாஷை பேசுவாள். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தேயிலைக் கறை ஏறிய அந்த விரல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும், "அக்கா, நான் என்ன வருஷம்?" என்று கேட்டாள். ஆதாரில் இருப்பது யாரோ உத்தேசமாகப் போட்ட தேதியாம். பிறந்த வருடம் ஊருக்கு முதன்முதலாகக் கரண்ட் வந்தது என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறாள். அது மட்டும்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டு, கரண்ட் கம்பம் நட்ட வருடத்தை விசாரிக்கப் போகிறோம். சுனிதாவின் வருடத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் அப்பா. அதில் என்ன நடந்திருந்தாலும் சரி, முழுசாக அவள் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள், யாழினியின் அம்மா,
செல்வராணி