லிட்டில் கானானின் மக்கள்தொகை

1986 பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை. பத்து மணிக்கு முதலில் சர்ச்சின் கூரை வந்தது, பிறகு வெர்னாவின் கடை, பிறகு சாலையோரத் தபால்பெட்டிகள் ஒவ்வொன்றாக. தினமும் இப்படித்தான் இந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. ஒருநாள் சோம்பல்பட்டு வராமலே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

டெக்சாஸுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. இவர் ஆறரைக்கே சுரங்க ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. சமையல், தூக்கம், ஜன்னல். மூன்றிலும் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

பிப்ரவரி 13

கடைசியில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் இல்லாத வேலை என்பதால் விசாக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டெக்சாஸுக்கு இந்த வருஷம் நூற்றைம்பது வயது. அதற்காக கவுண்டி, அதாவது ஜில்லா லைப்ரரியில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஊருக்கு ஒரு பக்கம்: நில அமைப்பு, வரலாறு, மக்கள்தொகை. லைப்ரரி அனுப்பிய காகிதத்தை வெர்னா கவுண்டரில் என் பக்கம் தள்ளினாள். நீதான் காலேஜில் ஜியாகரபி படித்தவள், உனக்குத்தான் பொழுதும் போகவில்லை, நீயே எழுது என்றாள்.

வெர்னாவுக்கு நாற்பத்தாறு வயது. ஊரின் ஒரே கடை அவளுடையது. கடைக்குப் பின்னால், அவள் சித்தி இருந்து காலமான வீட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அவள் பேசுவதில் பாதி கிண்டல். எந்தப் பாதி என்பதுதான் பிடிபடுவதில்லை.

பிப்ரவரி 19

நில அமைப்பு. இரண்டு ஓடைகளுக்கு நடுவே சிவப்பு மணல். ஓக், பைன். ஒரு மண்சாலை, ஒரு தார்ச்சாலை. அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

எல்லை எது என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மேயர் கிடையாது, முனிசிபாலிட்டி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. சட்டப்படி இது ஊரே இல்லையாம், ஜனங்கள் சேர்ந்து வசிக்கிற இடம் மட்டும்தானாம். சர்ச் மணி கேட்கிற தூரம்வரை லிட்டில் கானான் என்கிறாள் வெர்னா. காற்று வடக்கே அடித்தால் ஊர் வடக்கே நீளும் போலிருக்கிறது. காலேஜில் இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 25

வரலாறு. அடிமைத்தனம் ஒழிந்து பத்து வருஷத்துக்குள் பதினோரு கறுப்பர் குடும்பங்கள் சேர்ந்து இந்த மண்ணை வாங்கியிருக்கிறார்கள். வெர்னாவின் கொள்ளுத்தாத்தா அதில் ஒருவர். பள்ளிக்கூடம் கட்டினார்கள், அது எரிந்தது, மறுபடி கட்டினார்கள். யார் எரித்தார்கள் என்று கேட்டேன். அதை உன் பக்கத்தில் எழுத இடம் போதாது என்றாள்.

இப்போது நிலத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் பழுப்பு நிலக்கரி. இவர் கண்டுபிடித்ததில்லை, ஆனால் எங்கே எத்தனை அடி ஆழம் என்று அளக்கிறவர் இவர்தான். நெய்வேலியில் கற்றுக்கொண்ட வித்தை. நானும் நெய்வேலி டவுன்ஷிப்பில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். அந்தத் தெருக்களுக்கு முன்னால் அங்கே என்னென்ன ஊர்கள் இருந்தன என்று ஒருநாளாவது கேட்டேனா? இல்லை.

கம்பெனிக்காரன் மனைவிக்கு ஏன் வீடு கொடுத்தாய் என்று வெர்னாவிடமே கேட்டுவிட்டேன். எல்லோரும் எப்படியும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்றாள். பிள்ளைகள் ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள், வீடு போனால் போகட்டும். மேட்டை மட்டும் யாரும் தொடப் போவதில்லை, தொடவும் முடியாது. கம்பெனியோடு அதுதான் பேச்சு.

என்ன மேடு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பால் வண்டி வந்துவிட்டது.

மார்ச் 4

மக்கள்தொகை எடுக்க வீடு வீடாகப் போனேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? ஒரு தனிக்கட்டைக் கிழவர் ஒன்பது என்றார். வீட்டில் அவரும் ஒரு நாயும். பாக்கி எட்டுப் பேர் கலிபோர்னியாவில் இருக்கிறார்களாம். எல்லா வீட்டிலும் இதே கதை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வந்தது. ராத்திரி படுப்பவர்களை மட்டும் சொல்லுங்கள் என்று இரண்டாவது சுற்று போனதில் நாற்பத்து மூன்று.

முதல் எண்ணிக்கைதான் சரி என்று வெர்னா அடித்துச் சொல்கிறாள். போனவர்கள் எல்லோரும் மேட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்கிறாள். சனிக்கிழமை கூட்டிப்போகிறாளாம்.

மார்ச் 8, சனி

மேடு என்பது இடுகாடு.

தேவதாரு மரங்களுக்கு நடுவில், புல் ஒன்றுகூட விடாமல் சுரண்டிச் சுத்தம் செய்த சிவப்பு மண். அதில் சின்னச் சின்ன மண்மேடுகள். பெயர் வெட்டின கல் என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அதற்குப் பதில் சிப்பிகள், காதில்லாத கோப்பைகள், உடைந்த நீலத் தட்டுகள், ஒரு விளக்குக் கண்ணாடி, முள் நின்றுபோன கடிகாரம். மரத்தின் வழியாக வெயில் இறங்கி ஒவ்வொரு துண்டாகத் தொட்டுவிட்டுப் போனது. நேரம் போனதே தெரியவில்லை.

இறந்தவர் கடைசியாகப் புழங்கிய தட்டையும் கோப்பையையும் உடைத்து வைப்பார்களாம். உடைத்தால்தான் சங்கிலி அறுமாம், வீட்டில் அடுத்தவர் பின்னாலேயே போக மாட்டாராம். வெர்னா தன் அம்மாவின் தட்டைக் காட்டினாள். ஓரத்தில் ரோஜாப்பூ. அதைத் தானே கல்லில் தட்டி உடைத்ததாகச் சொன்னபோது அவள் குரலில் கிண்டல் இல்லை.

அதே நாள், சாயந்திரம்

சமையல் அப்புறம். முதலில் எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டு மேஜையில் இவருடைய மேப் விரித்துக் கிடந்தது. என் பக்கத்துக்காக ஓடைகளைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். மேடு இருக்க வேண்டிய இடத்தில் இவர் கையெழுத்தில் இரண்டு வார்த்தை. பழைய குப்பைமேடு.

குப்பைமேடாம்!

கேட்டேன். மேப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “நான் என்ன வேணும்னா பண்ணினேன்? ஒடஞ்ச பீங்கான், சிப்பி, பழைய கடிகாரம்... ஒரு கல்லுல கூடப் பேர் இல்ல. ஊர்க்காரா குப்பை கொட்ற எடம்னுதான் தோணித்து.” கூட வர வேண்டிய அமெரிக்கப் பையனுக்கு அன்று ஜுரம், இவர் மட்டும் தனியாகப் போய் அளந்திருக்கிறார். நாம் எரிக்கிறவர்கள். ஒரு இடுகாட்டை இவர் எங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்?

“இப்போ மாத்திடுங்கோ.”

“ரிப்போர்ட் ஆஸ்டின்ல கவர்மெண்டுக்குப் போயாச்சு ஷ்யாமளா. என் கையெழுத்து இருக்கு. க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கற நேரத்துல நானே தப்புன்னு லெட்டர் எழுதினா, அப்பறம் அவாளுக்கு நான் எதுக்கு?”

அவர் சொல்வதும் பொய்யில்லை. கம்பெனி கைவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் இடுகாடு என்று தெரிந்தால் வாரிசுகள் சம்மதிக்காமல் யாரும் தொட முடியாது. குப்பைமேடு என்றால்? புல்டோசருக்கு ஒரு காலைப்பொழுது.

மார்ச் 9

பேச்சில்லை. தயிர்சாதம்.

மார்ச் 11

வெர்னா கடையில் சிரித்தபடி ஊறுகாய் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். பக்கம் எப்படி வருகிறது என்று கேட்டாள். நன்றாக வருகிறது என்றேன். சீ, என்ன ஜன்மம் நான்!

அந்தக் கிழவர் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மேட்டை நம்பித்தானே போட்டார்.

மார்ச் 13

பக்கத்தை எழுதி முடித்தேன். நில அமைப்பில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்தேன்: இரண்டு ஓடைகளும் நெருங்கி வரும் இடத்துக்கு மேற்கே ஒரு மேடு, ஊராரின் இடுகாடு, இத்தனை வருஷமாக. கவரில் போடுவதற்கு முன் இவர் முன்னால் வைத்தேன். ஒளித்து வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

படித்தார். “இது அச்சாகி வந்தா நான்தான் பொய் எழுதினேன்னு ஆகும்,” என்றார்.

அப்போதுதான் வாயில் வந்துவிட்டது. “ஏன்னா, உங்கப்பா காரியத்துல நீங்கதானே கொள்ளிக்குடம் ஒடைச்சேள்? அந்த ஓட்டுத் துண்டையெல்லாம் பாத்து ஒருத்தன் குப்பைன்னு எழுதிண்டு போனா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

சொல்லியிருக்கக் கூடாதோ? அவர் எழுந்து கார் சாவியைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் இவரைக் காணோம். பதினொன்றுக்கு வந்தார். செருப்பெல்லாம் சிவப்பு மண். கால் கழுவிக்கொண்டு நேரே டைப்ரைட்டரிடம் போனார்.

“தட்டெல்லாம் ஒரே பக்கமா வெச்சிருக்கா. தலை மேற்கே,” என்றார். “நான் அன்னிக்குக் குனிஞ்சு பாக்கல.”

லெட்டரை நான்கு தடவை அடித்தார். கடைசியில் இரண்டே வரி. நான் மார்க் செய்தது தவறு. அது இடுகாடு. கீழே முழுப் பெயர், சந்தானம். லைப்ரரிக்குப் போகிற என் கவரையும் அதன் மேல் வைத்தேன்.

எனக்கு அழுகை வந்தது. பயத்திலா, சந்தோஷத்திலா, தெரியாது. உப்புமா தீய்ந்துபோனது மட்டும் தெரியும்.

மார்ச் 17

வெர்னாவிடம் இவரே போய்ச் சொல்லிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்து முடித்ததும் இவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 22

இவரை வெளி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, படிக்க பழைய ரிப்போர்ட்டுகள். க்ரீன் கார்டு ஃபைலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வெர்னா கடையில் சில்லறையைக் கையில் தராமல் கவுண்டரில் வைக்கிறாள்.

ஆகஸ்ட் 6

க்ரீன் கார்டு ஃபைலை மூடிவிட்டார்கள், இங்கே வேலையும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்களாம். ஹூஸ்டனில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் சேரலாம், ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அப்ளை பண்ண வேண்டும். இங்கே தோண்டக் கூடாது என்று மேப்பில் மேட்டைச் சுற்றி வளைத்து ஒரு கோடு போட்டுவிட்டார்களாம். அதை இவர் இரண்டு தடவை சொன்னார்.

ஆகஸ்ட் 24

காலி பண்ணினோம். சாவி கொடுக்கப் போனால் கடை பூட்டியிருந்தது. கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

1988 மே 14, சனி

வெர்னா டல்லாஸிலிருந்து ஒரு கார்டு போட்டிருந்தாள். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை மேடு சுத்தம் செய்யும் நாள், எல்லோரும் வருவார்கள், ‘யூ’வும் வர வேண்டும் என்று இரண்டு வரி. ஆங்கிலத்தில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் அந்த ஒரே வார்த்தை. என்னை மட்டும் கூப்பிட்டாளா, இரண்டு பேரையுமா? இவர் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எலுமிச்சம்பழம் பிழியப் போனேன். ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம் டிரைவ் பண்ணினார்.

ஊர் இல்லை. சர்ச், கடை, நாங்கள் இருந்த வீடு, எதுவும் இல்லை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் வேலி, வேலிக்கு அப்பால் வானம் இறங்கிவந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பெரிய பள்ளம், அதன் அடியில் யந்திரம் ஒன்று மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல், மேடு மட்டும் தேவதாரு மரங்களோடு நின்றது. வெயிலில் கானல் ஓடியது. கனவில் வருகிற தீவு போலிருந்தது.

கார்கள், கார்கள். கலிபோர்னியா நம்பர் பிளேட்டுகூட இருந்தது. இருநூறு பேருக்குக் குறைவில்லை. மரத்தடியில் வறுத்த கோழியும் சோள ரொட்டியும் வாசனையாக. நான் பண்ணிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதத்தை ஒரு பெண்மணி வாங்கி நடுவில் வைத்தாள்.

இவர் மேட்டைச் சுற்றிய வேலியின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். “நீ போ, நான் காரைப் பாத்துக்கறேன்,” என்றார். காருக்கு என்ன வந்தது?

வெர்னா அவரை நோக்கிப் போனாள். தலையில் நரை கூடியிருந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை. அளவு டேப் இருக்கிறதா என்று கேட்டாள். காரில் இருந்தது. இங்கே யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதின காகிதம் ஒன்றுகூடக் கிடையாது, தெரிந்தவர்கள் எல்லோரும் இன்றைக்கு இங்கே நிற்கிறார்கள், நீங்கள் அளக்கத் தெரிந்தவர்தானே, அளந்து எழுதிக் கொடுங்கள் என்றாள்.

மத்தியானம் முழுக்க எழுதினார். டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். ஒவ்வொரு மண்மேட்டின் பக்கத்திலும் யாராவது ஒருவர் நின்று பெயர் சொன்னார்கள். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் சண்டை தீரும்வரை காத்திருந்து எழுதினார். தட்டு, சிப்பி எதுவும் காலில் படாமல் நடந்தார். நூற்றுமுப்பத்தொன்று வந்தது.

கடைசியாக வெர்னா தன் அம்மாவின் ரோஜாப்பூத் தட்டுக்குப் பக்கத்தில், சும்மா கிடந்த மண்ணில் போய் நின்றாள். இதையும் போடுங்கள் என்றாள்.

“இங்கே யாரும் இல்லையே,” என்றார் இவர், ஆங்கிலத்தில்.

“நான்தான்,” என்றாள். “டல்லாஸில் எனக்கு இடம் வேண்டாம்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பை இழுத்துப் பிடித்தேன். ஆறரை அடிக்கு மூன்றடி. கட்டம் போட்டு உள்ளே அவள் முழுப் பெயரை எழுதினார். பிறந்த வருஷம் கேட்டு அதையும் எழுதினார். அவள் குனிந்து சரிபார்த்துவிட்டு அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவளுக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், அவரவர் இடத்தைக் காட்டுவதற்கு. கலிபோர்னியாக்காரர் ஒருவர் பிள்ளைகளோடு. இவர் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவிக்கொண்டார்.