மஞ்சள் நூலைத் தாண்டிய சிவப்பு

நேற்று என் கணுக்காலுக்கு மேலே, சிவப்பு ஏறி நின்ற இடத்தில், டாக்டரம்மா பேனாவால் ஒரு கோடு போட்டார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே சொல்லுங்க தாத்தா" என்றார். நிணநீர்க் குழாயில் அழற்சியாம். இன்று காலை பார்த்தேன். சிவப்பு, கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. உன் நினைவுதான் வந்தது.

அறுபதுகளில் பிள்ளையார்பாளையத்தில் நாம் இருவரும் ஒரே அண்டாவில் பட்டுநூலைச் சாயத்தில் நனைத்தோம். ஒருநாள் அரக்குச் சிவப்புச் சாயம். நூற்கழியைத் தூக்கிப் பிழிந்தால் சாயம் கைவழியே அக்குள்வரை வழியும். அதனால்தான் என் வலது முன்கையில் இருந்த சிவப்புக் கோட்டை நான் சட்டை செய்யவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு அண்டா விளிம்பு விரலைக் கிழித்திருந்தது. உடம்பு காய்ந்தது. அதையும் அடுப்புச் சூடு என்றேன்.

"சோப்பு போட்டும் போகலியேபா" என்றாய்.

"அரக்கு எப்போ ஒரே கழுவில போச்சு? உன் வேலையைப் பாருபா."

சாயம் ஏறக்கூடாத இடத்தில் பாவு நூலைச் சுற்றிக் கட்டுவோமே, அந்த மஞ்சள் நூலில் ஓர் இழை எடுத்தாய். கோடு முடிந்த இடத்தில் தளர்வாகக் கட்டினாய். அதற்குப் பிறகு அண்டாப் பக்கம் என்னை விடவில்லை. மத்தியானம் கையைப் பிடித்துத் திருப்பினாய். சிவப்பு நூலைத் தாண்டி அரைச் சாண் ஏறியிருந்தது.

"அண்டாவுல கையே வைக்கல. சாயம் தானா ஏறிக்கினு போகுமா? உக்காரு சைக்கிள்ல."

ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கை போயிருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் கோடு நூலுக்குக் கீழே இறங்கியது. நீ குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாய். கண் கலங்கியிருந்தது. கேட்டதற்கு அடுப்புப் புகை என்றாய். ஆஸ்பத்திரியில் ஏது அடுப்பு?

பிறகு, "சாயக்காரனுக்குச் செகப்பு தெரியலபா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. யாரிடமும் கற்காமல் கண்ணாலேயே நிறம் பழகியவன் நான். இப்போதும் சொல்கிறேன்: காலையில் இருந்தது சாயம், மத்தியானம்தான் நோய். நீ இருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய்.

சாய வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் குளித்ததும் வலது கையை வெளிச்சத்தில் திருப்பி, அக்குள்வரை பார்த்துவிட்டுத்தான் துடைக்கிறேன். இன்றும் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை. காலிலும் சிவப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.