மஹ்விஷ் சொல்லாத விடை

அக்டோபர் 8, 2024

சாப்பாட்டு நேரத்தில், வேலை பார்க்கும் ஜவுளிக்கடை மாடிப்படியில் உட்கார்ந்து பத்தாம் அத்தியாயத்தை வாசித்துப் பதிவு செய்து மஹ்விஷுக்கு அனுப்பினேன். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் படிக்கும் எம்.ஏ. தமிழில் பாடமாக வைத்திருக்கும் பழைய நாவலுக்கு ஒலிப்புத்தகம் கிடையாது. திருவல்லிக்கேணியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

“நடுவுல யாரோ பட்டுப்புடவை கேட்டுக்கினு கீறாங்க, கதைக்குள்ளயே வந்துட்டாங்கடி அன்பு” என்று சிரித்தாள்.

அக்டோபர் 24

தீபாவளிக் கூட்டம். தி.நகரே எங்கள் கடையில்தான் நிற்கிறது. கால் வீங்கிவிட்டது. வாசிக்கவில்லை.

அக்டோபர் 27

மூன்று அத்தியாயம் பாக்கி. அவளோ தினமும் கேட்கிறாள். “அதுல பெரிசா ஒண்ணுமில்ல, சுருக்கமா சொல்லிடறேன்” என்று, படிக்காமலே நான்கு நிமிடத்தில் முடித்தேன். சிறைக்குப் போன நண்பனின் மனைவி, பிள்ளைகளைக் கதாநாயகன் பரமசிவம் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினான் என்றேன். பத்து அத்தியாயமாக அவ்வளவு நல்லவன், வேறென்ன செய்திருப்பான்?

நவம்பர் 5

லீவு. விட்டதைப் படித்தேன். ஐயோ.

வெள்ளத்தில் நண்பனின் மனைவி பிள்ளைகளோடு வந்து கதவைத் தட்டுகிறாள். ஊர் என்ன பேசுமோ என்று பரமசிவம் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். நாவலே அதுதான்! நாளைக்குக் கட்டாயம் மஹ்விஷிடம் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 9

சொல்லவில்லை. பரீட்சையில் அதைப் பற்றிக் கேள்வி வராது.

நவம்பர் 14

வந்தது. ‘நாவலில் நட்பும், பிறர்மேல் கொள்ளும் பொறுப்பும்.’ பதினைந்து மதிப்பெண்.

பரீட்சை ஹாலில் அவளுக்காக எழுதும் ஸ்கிரைப் நான்தான். சொல்வதை மட்டும் எழுதுவேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். மஹ்விஷ் முகம் மலர்ந்து, பரமசிவம் அடைக்கலம் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். என் கை, அவன் கதவைத் திறக்காததை எழுதிக்கொண்டே போனது. எப்போதும் கடைசியில் திருப்பிப் படித்துக் காட்டுவேன். இன்று நேரமில்லை என்று தப்பித்தேன்.

சரிசெய்துவிட்டேன்தானே?

டிசம்பர் 3

பேராசிரியர் அந்த விடையைப் பாராட்டி வகுப்பில் படித்தாராம். மஹ்விஷ் எழுந்து, “மேடம், இது நான் சொன்னது இல்ல” என்றாளாம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கத்தவில்லை.

“கதைய மாத்தி சொன்னது கூடப் போவுது. அலுப்பா இருந்திருக்கும். ஆனா நான் பேசிக்கினு இருக்கசொல்ல, நான் ஒருத்தி அங்க இல்லவே இல்லாத மாதிரி நீ பாட்டுக்கு எழுதிக்கினு இருந்தியே. தப்போ ரைட்டோ, அது என் பதிலு.”

உனக்காகத்தான்டி செஞ்சேன் என்றேன். பொய். மாட்டிக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன். என்ன ஜென்மமோ நான்.

டிசம்பர் 11

தாளை ரத்து செய்துவிட்டார்கள். ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும். இனி அந்தக் கல்லூரியில் நான் ஸ்கிரைபாகப் போக முடியாது. எனக்குச் சரி. அவளுக்கு எதற்கு இந்தத் தண்டனை?

ஜனவரி 19, 2025

மூன்று அத்தியாயத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்து அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்று நீல டிக் காட்டியது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 22

மறுதேர்வு. அவளுக்காக நாஸியா என்ற இன்னொரு பெண் எழுதினாள். நான் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6

போன வாரம் மஹ்விஷே கூப்பிட்டாள். புதுப் பாடம், புது நாவல். “படிக்கிறியா? ஆனா ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நான் கேள்வி கேப்பேன்.”

இன்று முதல் அத்தியாயம் அனுப்பினேன். போனில் மூன்று கேள்வி கேட்டாள். இரண்டுக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

“அந்தப் பக்கம் எனக்கே புரியல மஹ்விஷ். புரிஞ்ச மாதிரி படிச்சுட்டேன்.”

“சரி, மறுபடி படி. நான் லைன்லயே கீறேன்.”

படித்தேன்.