மேற்கு வரிசைக் கொய்யா

மார்ச் 3
என் கொய்யாவில் நாலு மரத்தில் வெள்ளை. காம்பிலும் பிஞ்சிலும் பஞ்சு ஒட்டினாற்போல. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி தோட்டம். அவன் மரத்திலும் பூச்சி என்று அவன் மனைவி போன வாரம்தான் சொன்னாள். எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 5
கேட்டேன். "என் மரத்துல இருக்கிறது வேறக்கா" என்றான், முகத்தைக்கூடப் பார்க்காமல். வேறயாம்! மடியில் கனம் இல்லாதவன் ஏன் தலை குனிகிறான்?

மார்ச் 6
அவன் வெளியே போனதும், என் மரங்களைப் பார்த்த கையோடு வேலியைத் தாண்டி அவன் மேற்கு வரிசைக்குள் போனேன். இலை இலையாகப் புரட்டினேன். கிளைகளில் பழுப்பாகச் சின்னச் சின்ன ஓடுகள்தான். வெள்ளை இல்லை. மருந்தடித்து மறைத்துவிட்டானோ?

மார்ச் 9
தினமும் போகிறேன். இல்லவே இல்லை. அதுதான் சந்தேகமே!

மார்ச் 12
பிஞ்சு கொட்டிக்கொண்டே இருக்கிறது. பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "உன்னாலதான்டா எல்லாம் போச்சு. இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்திவிட்டேன். "சரிக்கா" என்றான். அவ்வளவுதான்.
எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்.

மார்ச் 15
வேளாண்மை அதிகாரியம்மா வந்தார். என் மரத்துக் கிளையையும், தம்பி தோட்டத்தில் ஒடித்து வைத்திருந்த கிளையையும் காட்டினேன். அவன் கிளையில் இருந்த பழுப்பு ஓடு ஒன்றை நகத்தால் கிளப்பினார். "இது செதில் பூச்சி. வளர்ந்துட்டா உக்காந்த இடத்தைவிட்டு நகராது. உங்களுது மாவுப்பூச்சி. இதுக்குக் கால் இருக்கு, நடக்கும். குஞ்சு துணியில ஒட்டிக்கிட்டும் போகும். அதுலேருந்து இது வராதும்மா."
பிறகு, போன மாதம் நான் வாங்கி வைத்த செம்பருத்தித் தொட்டியைப் பார்த்தார். இலையைத் திருப்பினார். அடியெல்லாம் வெள்ளை.

மார்ச் 16
தம்பி வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஏப்ரல் 8
தம்பி மனைவி வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "அண்ணி, எங்களுக்கும் அந்த வெள்ளை வந்துடுச்சு. மேற்கு வரிசையில மட்டும். எப்படின்னே புரியலை."
ஐயோ. நான் நடந்த வரிசை.
குளித்துத் துணி மாற்றிக்கொண்டு, வேலி வழியாக இல்லாமல் வாசல் வழியாகப் போனேன். படியிலேயே நின்றேன்.
"மிதிக்காதேன்னு நீதான் சொன்னே, நான் சொல்லலியே" என்றான் தம்பி. "உள்ள வாக்கா."
உட்காரும் முன்பே, அந்த வரிசைக்குள் தினமும் போய்வந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.