குப்பைத்தொட்டி மேல குக்கர்

நர்ஸம்மா,

குப்பைத்தொட்டி மேல குக்கர் வச்சிருக்கேன், எடுத்துடாதே. நம்ம நாய்த்துரை பெடலை மிதிச்சு மூடியத் திறக்கக் கத்துக்கிட்டான். காலையில சமையலறை முழுக்கக் குப்பை. நடுவுல, நேத்து உனக்காக நான் பொரிச்ச மீன், ரெண்டு துண்டும் முழுசா. முள்ளுதான் மிச்சம்னு சொன்னியே?

ஒரு வாரம் உன்கூடப் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் பார்த்தா, செருப்பையே விடாதவன் அந்த மீனை மோந்து பார்த்துட்டு ஒதுங்கிப் போயிட்டான். ஃப்ரிட்ஜ்ல இருந்த துண்டை நானும் ஒரு கடி கடிச்சேன்.

கோபம் போயிடுச்சு.

உன் பஸ் டிரைவர்

பி.கு: அவனுக்குச் சாப்பாடு வச்சாச்சு. வைக்கலைன்னு நடிப்பான், நம்பாதே.

இன்னொண்ணு: சாயங்காலம் கடையில சாப்பாடு வாங்கிட்டு வரேன். மூணு பேருக்கும்.